‘கண்டறியப்படவில்லை’ என்று வந்த அறிக்கை: ஓர் எச்சப் பரிசோதனைச் சேவையைப் பற்றி

வேலிக்கு அப்பால் அடித்த களைக்கொல்லியின் சாரல் காற்றோடு வந்து, ரசாயனம் எதுவும் படாமல் வளர்த்த காய்கறித் தோட்டத்தில் இறங்கிவிட்டால், தோட்டக்காரர் மனத்தில் எழும் கேள்விகள் மூன்றுதான்: வந்து விழுந்தது என்ன மருந்து, செடியில் இருக்கும் காய்களைச் சாப்பிடலாமா, இந்த மண்ணில் மறுபடி எப்போது விதைக்கலாம். இந்த மூன்றுக்கும் விடை கிடைக்கும் என்று நம்பி, வேளாண் விளைபொருட்களில் நச்சு எச்சம் பார்த்துத் தரும் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தின் சேவையை இரண்டு முறை பயன்படுத்தினேன். முதல் முறை பணம் வீணானது. இரண்டாம் முறை ஒரு கேள்விக்கு நல்ல விடை கிடைத்தது. கூடத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. நான் கண்ட குறைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு கூடத்துக்கு மட்டும் உரியவை அல்ல என்பதும், குறைகளில் பாதிக்கு நானே பொறுப்பு என்பதும் அதற்குக் காரணங்கள்.

சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பக்கத்து நிலத்துக்காரர் களைக்கொல்லி அடித்த அன்று காலையில் ஓர் இலைகூட அசையவில்லை. காற்றில்லாத நேரம் பாதுகாப்பானது என்றுதான் அடித்தவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். ஆனால் இரவின் குளிர்ச்சி நிலத்தோடு ஒட்டிக் கிடந்து, அதன் மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோலப் படிந்திருக்கும் அதிகாலை வேளையில், நுண்ணிய துளிகள் மேலே போகவும் முடியாமல், கீழே விழவும் முடியாமல், பனிப்படலம்போலக் கிடைமட்டமாக நகரும். அடுப்புப் புகை மேலே எழாமல் தரையோடு பரவுகிற காலை என்றால் அது இத்தகைய காலை என்று புரிந்துகொள்ளலாம். தெளிப்பான் முனையிலிருந்து வரும் துளிகளில் 150 மைக்ரானுக்கும் சிறியவையே வெகுதூரம் போகக்கூடியவை. அழுத்தம் கூடக் கூட அந்தச் சிறு துளிகளின் பங்கும் கூடும்.

மூன்றாம் நாள் தக்காளியின் நுனிக் கொழுந்து குடைப்பிடிபோலக் கீழ்நோக்கி வளைந்திருந்தது. இலைக்காம்புகள் பிழிந்து போட்ட துணிபோலத் திருகி நின்றன. தண்டைத் தொட்டால் வாடலின் தளர்ச்சி இல்லை. மாறாக, விறைப்பாக, நொறுங்கிவிடும்போல இருந்தது. அடுத்த வாரம் வந்த புதிய இலைகள் பெரணி இலைபோல ஒடுங்கி, நரம்புகள் வெளுத்து, ஒன்றுக்கொன்று இணையாக நெருங்கி ஓடின. பீன்ஸ் கொடியில் புதிதாக விரிந்த மூவிலை கரண்டிபோலக் குழிந்து, விளிம்பு சுருங்கியிருந்தது. வெண்டையின் இலை மடல்கள் மெலிந்த விரல்களாக நீண்டன. ஆனால் அதே பாத்தியில் நின்ற வெங்காயத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அந்த வெங்காயமும் சோளமும் சொன்னதை நான் அன்று படிக்கத் தவறினேன். தக்காளியை மட்டும் பார்த்துவிட்டு, வெள்ளை ஈ கொண்டுவந்த இலைச்சுருட்டு நச்சுயிரி என்று முடிவுகட்டி, வேலியோரத்தில் நின்ற இரண்டு செடிகளைப் பிடுங்கி எரித்தேன். மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட, அதனாலேயே சோதனைக்கு மிகவும் பயன்பட்டிருக்கக்கூடிய இரண்டு செடிகள் அவை. நச்சுயிரி ஒரே நாளில் தக்காளியையும் பீன்ஸையும் வெண்டையையும், கூடவே வேலியோரத்துக் காட்டுக்கொடியையும் சேர்த்துத் திருக்காது. அகன்ற இலைத் தாவரம் அத்தனையும் முறுக்கிக்கொள்ள, புல்லினமும் வெங்காயமும் சும்மா நின்றால், சேதம் ஒரு பக்கத்தில் கடுமையாகவும் மறுபக்கம் போகப் போகக் குறைந்தும் தெரிந்தால், அது ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கியைப் போல நடிக்கும் களைக்கொல்லியின் வேலை. 1940-களில் புழக்கத்துக்கு வந்த 2,4-டி அந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை. டைகாம்பா, குளோபைரலிட், அமினோபைரலிட் ஆகியவை பின்னால் வந்தவை. பாராகுவாட்டாக இருந்தால் கதை வேறு: துளி பட்ட இடமெல்லாம் ஓரிரு நாளில் வெந்து, வட்டப் புள்ளிகளாகக் காய்ந்துபோகும், பிறகு வரும் இலை சுத்தமாக வரும். கிளைபோசேட் என்றால் கொழுந்தின் அடிப்பகுதி மஞ்சளாகி, புதிய இலைகள் சிறுத்து, புல்லும் சேர்ந்தே வதங்கும்.

இவ்வளவும் பின்னால் கற்றது. ஒன்பதாம் நாள் எனக்குத் தெரிந்ததெல்லாம் ‘களைக்கொல்லியாக இருக்கலாம்’ என்பது மட்டுமே. அந்த நிலையில்தான் பரிசோதனைக் கூடத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். எடுத்தவர் மரியாதையாகப் பேசினார். என்ன மருந்து என்று தெரியாது என்றேன். “பரவாயில்லை சார், நம்ம பொதுச் சோதனையில் இருநூறுக்கும் மேற்பட்ட மருந்துகளைப் பார்க்கிறோம். எல்லாமே அதில் வந்துவிடும்” என்றார். இந்தச் சேவையைப் பற்றி எனக்கு இருக்கும் மனக்குறை முழுவதும் அந்த ‘எல்லாமே’ என்ற ஒரே சொல்லில் அடங்கியிருக்கிறது.

விண்ணப்பப் படிவம் இரண்டு பக்கம். மாதிரியின் பெயர், பறித்த தேதி, அனுப்புபவர் விவரம் ஆகியவற்றோடு ‘சந்தேகிக்கப்படும் மருந்து’ என்று ஒரு கட்டமும் இருந்தது. அதில் ‘களைக்கொல்லி’ என்று மட்டும் எழுதினேன். நோயாளி மருத்துவரிடம் போய் ‘உடம்பு சரியில்லை’ என்று சொல்லிவிட்டு எழுந்து வருவதைப் போன்ற பதில் அது. ஆனாலும் அதைப் படித்துவிட்டு ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை. மாதிரி எடுக்கும் முறையைப் பற்றி அரைப்பக்கக் குறிப்பு இணைத்திருந்தார்கள். இலை என்றால் குறைந்தது 200 கிராம், காய் என்றால் ஒரு கிலோ, கழுவக்கூடாது, குளிர்ச்சியில் அனுப்ப வேண்டும் என்று அதில் இருந்தது. இருந்தவை சரியானவைதான், இல்லாதவைதான் என்னைப் படுத்தின.

சேதமடைந்த செடியிலிருந்து மட்டும் மாதிரி எடுத்தால் போதாது, பாதிப்பில்லாத மூலையிலிருந்தும் ஒன்று தனியாக எடுக்க வேண்டும் என்று அந்தக் குறிப்பு சொல்லவில்லை. அந்த ஒப்பீட்டு மாதிரியை முதலில் பறித்து, பிறகு குறைந்த சேதத்திலிருந்து மிகுந்த சேதத்தை நோக்கி நகர வேண்டும், ஒவ்வொரு பைக்கும் கையுறையை மாற்ற வேண்டும் என்றும் சொல்லவில்லை. நான் நேர்மாறாக, வேலியோரத்தில் தொடங்கி அதே கையுறையோடு உள்ளே வந்தேன். ஈரமுள்ள தழையை நெகிழிப் பையில் அடைத்தால் வழியிலேயே வெந்து அழுகிவிடும், தாள் பையில் போட்டு உறையவைத்து அனுப்புவதே நல்லது என்பதையும் குறிப்பில் காணவில்லை. என் பைகளில் ஒன்று கூழாகத்தான் போய்ச் சேர்ந்தது. அது கூழாக வந்தது என்ற செய்தி அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், ‘மாதிரி பெறப்பட்ட நிலை: சிதைந்தது’ என்ற நான்கே சொற்களில் இருந்தது. வந்த அன்றே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், வேறு மாதிரி பறித்து அனுப்பும் காலம் எனக்கு இருந்தது.

ஏழு வேலை நாள் என்று சொன்ன அறிக்கை பதினாறாம் நாள் மின்னஞ்சலில் வந்தது. ஐந்து பக்கம், இருநூற்றுச் சொச்சம் வரிகள். ஒவ்வொரு வரியின் முடிவிலும் ‘கண்டறியப்படவில்லை’. தோட்டத்தில் தக்காளி இன்னும் திருகிக்கொண்டு நிற்கிறது. கையில் இருக்கும் தாளோ தோட்டம் மாசற்றது என்று சான்று கூறுகிறது. எதை நம்புவது என்று அன்று மாலை முழுவதும் பாத்திக்கும் மேசைக்குமாக நடந்தேன். பக்கத்து நிலத்துக்காரரிடம் சண்டை போடாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

சண்டைக்குப் பதிலாக அவரிடம் ஒரு கேள்வியோடு போனேன். “அண்ணே, அன்னிக்கு அடிச்ச களை மருந்தோட டப்பா இருக்குதா?” என்று கேட்டதும், கொட்டகைக்குள் போய் எடுத்துவந்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். “புல்லை ஒண்ணும் பண்ணாது தம்பி, அகல இலைக் களையை மட்டும்தான் கருக்கும்” என்றார். பாதி கிழிந்த சீட்டில் ‘2,4-டி எத்தில் எஸ்டர்’ என்று இருந்தது. இதே கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தால், முதல் சோதனைக்குக் கட்டியதில் ஒரு காசுகூடச் செலவாகியிருக்காது. டப்பாவில் ஒட்டிய சீட்டைப் போன்ற துல்லியமான பரிசோதனைக் கருவி வேறெதுவும் இல்லை.

எஸ்டர் என்ற சொல்லும் முக்கியமானது. 2,4-டி உப்பாகவும் கிடைக்கிறது, எஸ்டராகவும் (அமிலம் ஆல்கஹாலோடு சேர்ந்த வடிவம்) கிடைக்கிறது. அமின் உப்பு அவ்வளவாக ஆவியாவதில்லை. எத்தில் எஸ்டர் போன்ற சிறு எஸ்டர்களோ, இலையில் விழுந்து காய்ந்த பிறகும் வெயில் ஏறும்போது ஆவியாகி எழுந்து பக்கத்துத் தோட்டத்துக்கு நகரக்கூடியவை. அடிக்கும்போது பறக்கும் சாரலுக்கு மேல், அடித்து முடித்த பிறகு மதியத்தில் கிளம்பும் இந்த ஆவி இரண்டாம் தவணை. காற்றில்லாத காலையில் அடித்தும் என் தோட்டம் இவ்வளவு வாங்கியதற்கு இரண்டும் சேர்ந்தே காரணமாக இருந்திருக்கும்.

டப்பாவோடு வீடு திரும்பி அறிக்கையை மறுபடி விரித்தேன். பட்டியலில் ‘2,4-டி எத்தில் எஸ்டர்’ இருக்கவே இருந்தது. அதற்கும் ‘கண்டறியப்படவில்லை’ என்றே போட்டிருந்தது. கூடத்தை மீண்டும் அழைத்து, வரவேற்பில் இருப்பவரோடு பேசுவதில்லை, பகுப்பாய்வு செய்தவரோடுதான் பேசுவேன் என்று பிடிவாதமாக நின்றேன். இணைப்பு கிடைத்தது. அந்தப் பெண்மணி அரைமணி நேரம் பொறுமையாக விளக்கினார். இந்தச் சேவையில் நான் மனமாரப் பாராட்டுவது அந்த அரைமணி நேரத்தைத்தான். அது கட்டணத்துக்கு முன்பே கிடைத்திருக்க வேண்டியது என்பது மட்டுமே என் வருத்தம்.

அவர் சொன்னதன் சாரம் இது. எஸ்டராக இலைக்குள் நுழையும் 2,4-டி, எஸ்டராகவே தங்குவதில்லை. செடி அதை விரைவில் உடைத்து அமிலமாக்கிவிடும். அந்த அமிலத்தின் ஒரு பகுதியைச் சர்க்கரையோடும் அமினோ அமிலத்தோடும் பிணைத்து ஒதுக்கி வைக்கும். ஒன்பது நாள் கழித்து எஸ்டரைத் தேடுவது, வீட்டைக் காலி செய்துகொண்டு போனவரைப் பழைய முகவரியில் தேடுவதைப் போன்றது. அமிலத்தைத் தேடியிருக்க வேண்டும். பொதுச் சோதனைப் பட்டியலில் அமிலம் இல்லை.

ஏன் இல்லை என்பதற்கும் காரணம் உண்டு. காய்கறிகளில் நூற்றுக்கணக்கான மருந்துகளை ஒரே தடவையில் பார்க்க இப்போது உலகெங்கும் கையாளப்படுவது 2003-இல் வெளியிடப்பட்ட, ‘குவெச்சர்ஸ்’ என்று அழைக்கப்படும் பிரித்தெடுப்பு முறை. மாதிரியை அரைத்து, அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானில் குலுக்கி, உப்பு சேர்த்துப் பிரித்து, பிறகு ஒரு தூளைச் சேர்த்துச் சாற்றைத் தெளியவைப்பார்கள். அந்தத் தூளின் வேலையே தாவரச் சாற்றிலுள்ள அமிலங்களைப் பிடித்து ஒதுக்குவது. பிடிக்கும்போது அது எலுமிச்சை அமிலம், இது களைக்கொல்லி என்று அது பேதம் பார்ப்பதில்லை. 2,4-டி, டைகாம்பா போன்றவை அமிலங்கள் என்பதால், அந்தத் தூளைச் சேர்த்தால் அவையும் குப்பையோடு போய்விடுகின்றன. பிணைந்திருக்கும் பகுதியை விடுவிக்கக் காரத்தில் ஊறவைக்கும் படி ஒன்றும் தனியாகத் தேவைப்படுகிறது. கிளைபோசேட், குளுஃபோசினேட், பாராகுவாட் ஆகிய களைக்கொல்லிகளோ தண்ணீரில் மட்டுமே கரைய விரும்புபவை. அசிட்டோநைட்ரைலுக்குள் அவை வருவதே இல்லை. அவற்றுக்குத் தனிச் சோதனை, தனிக் கட்டணம்.

ஆக, வேலி தாண்டி வந்து வீட்டுத் தோட்டத்தில் விழ அதிக வாய்ப்புள்ள களைக்கொல்லிகள் எவையோ, பெரும்பாலும் அவையே ‘எல்லாமே பார்க்கும்’ சோதனையின் வலைக்கு வெளியே நிற்கின்றன. பூச்சிக்கொல்லியும் பூஞ்சைக்கொல்லியும் எச்சமாக உள்ள காய்கறியைப் பிடிப்பதற்கு அந்த வலை நன்றாகப் பின்னப்பட்டிருக்கிறது. பரிசோதனைக் கூடத்தின் பிழை அறிவியலில் இல்லை. ‘களைக்கொல்லி’ என்று எழுதிய படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு பூச்சிக்கொல்லி வலையை வீசியதில் இருக்கிறது.

நல்லவேளையாக, வந்த மாதிரிகளில் மீதியை முப்பது நாள் உறைநிலையில் வைத்திருப்பது அவர்கள் வழக்கம். கூழாகிப்போன பையைத் தவிர மற்றவற்றை ‘அமிலக் களைக்கொல்லிகள்’ என்ற தனிச் சோதனைக்குப் போடச் சொல்லி, இரண்டாம் கட்டணத்தைக் கட்டினேன். தள்ளுபடி எதுவும் தரவில்லை. கேட்டதற்கு, விதிமுறையில் இடமில்லை என்று சுருக்கமாகப் பதில் வந்தது. இம்முறை அறிக்கை ஏழாம் நாளே வந்துவிட்டது. வேலியோரத் தக்காளிக் கொழுந்தில் 2,4-டி, கிலோவுக்கு 0.06 மில்லிகிராம். நடுப்பாத்தியில் ‘அளவிடும் வரம்புக்குக் கீழ்’. காயிலும் மண்ணிலும் ‘கண்டறியப்படவில்லை’.

இந்த மூன்று சொற்றொடர்களையும் படிக்கக் கற்றுக்கொள்ளாமல் அறிக்கை வாங்குவதில் பயனில்லை. ‘அளவிடும் வரம்புக்குக் கீழ்’ என்றால் மருந்து இருக்கிறது, ஆனால் இவ்வளவு என்று நம்பிக்கையாகச் சொல்லும் அளவுக்கு இல்லை என்று அர்த்தம். ‘கண்டறியப்படவில்லை’ என்றால் கருவிக்கு எட்டிய ஆழம் வரை காணவில்லை என்பதுதான். இல்லவே இல்லை என்பதல்ல. இந்தக் கூடத்தின் அளவிடும் வரம்பு, பல கூடங்களைப் போலவே, கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். தக்காளி, திராட்சை, பருத்தி போன்ற நொய்மையான தாவரங்களோ, வயலில் அடிக்கும் அளவில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகப் பட்டாலே முறுக்கிக்கொள்ளும். கருவி மௌனமாக இருக்கும் அளவிலும் செடி பேசிவிடும். எண்ணுக்குப் பக்கத்தில் போட்டிருந்த ‘±50 சதவீதம்’ என்ற குறியைக் கண்டு திடுக்கிட வேண்டாம். இவ்வளவு சிறிய அளவுகளை அளக்கும் கூடங்களில் அது வழக்கமான ஏற்ற இறக்கம்தான். அதை மறைக்காமல் போட்டது இந்தக் கூடத்தின் நேர்மை.

அதேபோல, 0.06 என்ற எண்ணை வைத்துக்கொண்டு அன்று எவ்வளவு சாரல் விழுந்தது என்று பின்னோக்கிக் கணக்குப் போடவும் முடியாது. ஒன்பது நாளில் செடி வளர்ந்து அதை நீர்த்துப்போகச் செய்திருக்கும். ஒரு பகுதியைச் சிதைத்திருக்கும். வேலியிலிருந்து உள்ளே வர வர அளவு குறைகிறது என்ற வரிசைதான் இந்த அறிக்கையில் எனக்குப் பயன்பட்ட உண்மை. எங்கிருந்து வந்தது என்பதற்கு அது சான்று. பக்கத்து நிலத்துக்காரரிடம் அறிக்கையைக் காட்டியபோது அவர் எண்ணைப் பார்க்கவில்லை. அந்த வரிசையைத்தான் பார்த்தார். முதல் கேள்விக்கு, ஆகவே, இந்தச் சேவை நன்றாகவே விடை தந்தது.

இரண்டாம் கேள்விக்கு அது விடை தரவில்லை. தரும் என்று எதிர்பார்த்தது என் தவறு. எந்தப் பயிரில் எவ்வளவு எச்சம் இருக்கலாம் என்று சட்டங்கள் வகுக்கும் உச்சவரம்பு, பயிருக்குப் பயிர் வேறு. மருந்துச் சீட்டில் ‘அடித்தபின் இத்தனை நாள் கழித்து அறுவடை செய்க’ என்று போடும் காத்திருப்புக் காலமும், அந்த மருந்தை அடிக்க அனுமதிக்கப்பட்ட பயிருக்கு மட்டும்தான். அகன்ற இலைச் செடியைக் கொல்லும் மருந்துக்கு, அகன்ற இலைச் செடியான தக்காளியில் காத்திருப்புக் காலம் எழுதியிருக்குமா? சீட்டில் தேடினேன், இல்லை. சாரல் விழுந்த அன்று செடியில் இருந்த காய், கீரை அனைத்தையும் பறித்து ஒதுக்கினேன். இரண்டாம் சோதனையில் காய்க்குக் ‘கண்டறியப்படவில்லை’ என்று வந்த பிறகு, சாரலுக்குப் பின் பூத்துக் காய்த்ததை மட்டும் எடுத்துக்கொண்டோம். இது என் வீட்டுக்கு நான் எடுத்த முடிவு. அறிக்கையில் எந்த வரியும் இதைச் சொல்லவில்லை. ‘முடிவு குறித்த விளக்கத்துக்குக் கூடம் பொறுப்பல்ல’ என்ற வரி மட்டும் எல்லாப் பக்கத்தின் அடியிலும் தவறாமல் இருந்தது.

மூன்றாம் கேள்விக்கு விடை தந்தது கூடமே அல்ல, ஒன்பது தொட்டிகள். அறிக்கைக்குக் காத்திருந்த நாட்களில், பகுப்பாய்வு அம்மையாரின் யோசனைப்படி, வேலியோர மண்ணில் மூன்று தொட்டி, தோட்டத்தின் மறுகோடி மண்ணில் மூன்று தொட்டி, வேலியோரத்தில் மண்ணை மூடப் போட்டிருந்த காய்ந்த தழையான மூடாக்கைக் கிள்ளிக் கலந்த நல்ல மண்ணில் மூன்று தொட்டி என்று வைத்து, தொட்டிக்கு நான்கு பீன்ஸ் விதைகள் ஊன்றினேன். ஒரு தொட்டியின் வடிநீர் இன்னொன்றுக்குள் போகாதபடி தனித்தனித் தட்டுகளில் வைத்தேன். முதல் ஜோடி இலை எல்லாவற்றிலும் ஒன்றுபோலத்தான் வந்தது. அதைப் பார்த்து முடிவு கட்டக்கூடாது, ஏனென்றால் அது விதைக்குள்ளேயே உருவாகி இருந்த இலை. மூவிலை விரியும் வரை காத்திருந்தேன். பதினெட்டாம் நாள் வேலியோர மண்ணும் மறுகோடி மண்ணும் வேறுபாடு இல்லாமல் செழித்திருந்தன. மூடாக்குத் தொட்டிகள் இரண்டில் மட்டும் நடுச் சிற்றிலை ஒடுங்கி, விளிம்பு மேல்நோக்கி மடங்கிக் கிண்ணம்போல நின்றது.

மண்ணில் ஈரமும் நுண்ணுயிரும் இருந்தால் 2,4-டி சீக்கிரமே சிதைந்துவிடும். ஒரு வாரம், பத்து நாளில் பாதியாகக் குறையும் என்பது பொதுவான கணக்கு. காய்ந்து கிடக்கும் தழையில் அந்த நுண்ணுயிர் வேலை நடப்பதில்லை. சோதனைக்கு அனுப்ப வேண்டியவற்றில் மூடாக்கு என் நினைவுக்கு வரவே இல்லை, படிவமும் நினைவூட்டவில்லை. மண்ணை அனுப்பிக் கட்டணம் கட்டினேன். விஷம் மூடாக்கில் இருந்தது. மூடாக்கு முழுவதையும் வாரி வெளியேற்றி, உரக்குழியில் சேர்க்காமல் தனியாகக் குவித்து நனைத்து வைத்தேன். பாத்தியில் மக்கிய உரம் போட்டு, ஒரு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்ட பிறகு மறுபடி விதைத்தேன். மண்ணில் இருக்கும் மருந்தை உறிஞ்சட்டும் என்று வாங்கிவைத்த கரித்தூளைப் பிரிக்கவே தேவைப்படவில்லை.

செடிகளைப் பற்றிக் கேட்பவர்களுக்காக ஒரு சொல்: சாரல் பட்ட சில மணி நேரத்துக்குள் இலைகளைத் தண்ணீரால் நன்றாகக் கழுவினால் ஓரளவு பயன் உண்டு. மூன்றாம் நாள் நான் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றது தண்ணீருக்குத்தான் நஷ்டம். வேலியோரத்தில் மீதியிருந்த தக்காளிகள் தேறவில்லை. நடுப்பாத்தியில் இருந்தவை, தழைச்சத்து எதுவும் கொடுத்து விரட்டாமல் தண்ணீர் மட்டும் சீராகக் கொடுத்ததில், ஒரு மாதத்துக்குள் பக்கக்கிளையில் இயல்பான இலை விட்டன. வெண்டை மூன்று வாரத்தில் நிமிர்ந்தது.

இந்தச் சேவையை யாருக்குச் சொல்வேன், யாருக்குச் சொல்ல மாட்டேன் என்றால்: மருந்தின் பெயர் தெரிந்திருந்து, இழப்பீடோ புகாரோ எழுதும் எண்ணம் இருந்து, சேதம் தெரிந்த சில நாட்களுக்குள் மாதிரியை முறையாக எடுக்க முடிந்தால், போகலாம். ஆனால் வரவேற்பில் பேசி முடித்துவிடாமல், பகுப்பாய்வு செய்பவரிடமே ‘இந்த மருந்தை எந்த வடிவத்தில் தேடுவீர்கள், பிணைந்த பகுதியையும் சேர்த்தா, எவ்வளவு வரை தெரியும்’ என்று மூன்றையும் கேட்டு, விடையை மின்னஞ்சலில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள். மண்ணில் விதைக்கலாமா என்பது மட்டும்தான் கேள்வி என்றால், போக வேண்டாம். பீன்ஸ் விதை போதும். வெளியிலிருந்து வாங்கிய தொழுவுரத்திலோ வைக்கோலிலோ அமினோபைரலிட் இருக்குமோ என்று சந்தேகிப்பவர்களுக்கு இதை இன்னும் அழுத்திச் சொல்வேன். அது மேய்ந்த மாட்டின் வயிற்றைக் கடந்து சாணத்தில் அப்படியே வெளிவரும், எரு மக்கிய பிறகும் மாதக்கணக்கில் நிற்கும், நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே பீன்ஸையும் தக்காளியையும் முறுக்கிவிடும். அந்த ஆழத்துக்கு இந்தக் கூடத்தின் 0.01 எட்டாது.

ஐந்தில் மூன்று கொடுக்கிறேன். மூன்றில் இரண்டு அந்த அரைமணி நேர விளக்கத்துக்கும், மாதிரியை உறைநிலையில் பத்திரப்படுத்தி வைத்திருந்ததற்கும். படிவத்தில் மூன்று வரிகளைச் சேர்க்கும்படி அவர்களுக்கு எழுதியிருக்கிறேன்: களைக்கொல்லி எனில் பெயர் தெரியாமல் சோதனை தொடங்க வேண்டாம் என்று ஒன்று, ஒப்பீட்டு மாதிரியைப் பற்றி ஒன்று, மூடாக்கைப் பற்றி ஒன்று. ‘பரிசீலிக்கிறோம்’ என்று பதில் வந்தது. பக்கத்து நிலத்துக்காரர் இப்போதெல்லாம் மருந்து அடிப்பதற்கு முதல் நாள் மாலை வேலியோரம் வந்து குரல் கொடுக்கிறார். அவர் குரல் கேட்டதும் செடிகளை மூடுகிறேனோ இல்லையோ, புதிய கையுறை போட்டுக்கொண்டு மறுகோடித் தக்காளியிலிருந்து இருநூறு கிராம் நல்ல தழையைப் பறித்து, தாள் பையில் போட்டு, தேதி எழுதி, உறைபெட்டியின் அடித்தட்டில் வைத்துவிடுகிறேன்.